பதினோரு விநாடி

புதன் இரவு ஒன்பதரைக்கு
கழனிவாசல் பேட்டரிக் கடையின் ஷட்டர்
முக்கால்வாசி இறங்கியிருக்கும்.
குனிந்து நுழைந்தால் நாங்கள் ஐந்து பேர்,
அமில வாசனை,
நெய்னா முகமது தானே கட்டிய ஒற்றை ஸ்பீக்கர்.

ஆளுக்கு மூன்று பாட்டு.
இடையிசை ஓடும்போது யாரும் பேசக்கூடாது.
மீறினால் அடுத்த வார மசாலா சீயம் அவர் கணக்கு.
தலைப்புச் சொல்வது
போன வாரம் கடைசியாகப் பாட்டுப் போட்டவர்.

மழை பெய்தும் குடை வராத பாட்டுகள், ஒரு வாரம்.
நம் வீட்டுக் கல்யாணத்தில்
பந்தல்காரர் நம்மைக் கேட்காமலே போட்டவை, ஒரு வாரம்.
காரைக்குடியில் ஏறி
தேவகோட்டையில் இறங்குவதற்குள் முடிகிறவை என்று
நான் ஒருமுறை சொல்லிவைக்க
சண்டையே வந்தது:
டவுன் பஸ்ஸா, பாயிண்ட் டு பாயிண்டா,
அமராவதிப்புதூரில் நிற்குமா, நிற்காதா.

உமையாள் வங்கியில் காசாளர்.
ஒரு தடவை
மூன்றுக்கும் ஒரே பாட்டைக் கொண்டுவந்தாள்.
ஒன்று, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது;
அதில் பாடகி இல்லை, தபேலா மட்டும்.
இன்னொன்று, ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது
யாருடைய செல்போனிலோ ஒலித்தது;
முதல் வரியிலேயே எடுத்துவிட்டார்கள்.
மூன்றாவது, "இப்ப. உங்களோட."
எண்ணிச் சரிபார்த்துக் கட்டுப் போட்டவள் மாதிரி
சாய்ந்து உட்கார்ந்தாள்.
யாரும் வாதாடவில்லை.

போன வாரத் தலைப்பு:
முழுசாகக் கேட்காத பாட்டு.

அடைக்கலம் ஓட்டுவது ஆம்புலன்ஸ்,
பாட்டுக்கு இடமில்லாத வண்டி.
அவன் கொண்டுவந்தது
அவன் அப்பா ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்தது.
ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு.
இரண்டாம் சரணம் முடியும் தறுவாயில்
நாடா தீர்ந்து
டக்.
முப்பது வருஷமாக அவனுக்கு
அந்தப் பாட்டு டக்கில்தான் முடிகிறது.
குளிக்கும்போது முனகினாலும் டக் சேர்த்துத்தான்.

நெய்னாவுக்குத் தாங்கவில்லை.
தேடியெடுத்து முழுசாகப் போட்டான்.
நாடா தீரும் இடம் வந்தது.
அடைக்கலத்தின் நாக்கு மேலண்ணத்தில்
தயாராக ஒட்டியிருந்தது.
பாட்டு நிற்காமல் போனது.
பதினோரு விநாடி.
பாடகர் பல்லவிக்குத் திரும்பி, லேசாகச் சிரித்து,
வயலின்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இது யாரோட பாட்டுடா" என்றான்.
எழுந்து வெளியே போய்
ஏற்கெனவே ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு
மறுபடி ஸ்டாண்ட் போட்டான்.

அதன் பிறகுதான் பிலோமினா வாயைத் திறந்தாள்.
கானாடுகாத்தானில் ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும்
ஒரு வீட்டில் கணக்கெழுதுகிறாள்.
ஒருநாள் முழுக்க வளவில் ஸ்பீக்கர் வைத்து
ஒரே இரண்டு வரி.
நடிகை தூணைச் சுற்றி வருவாள், நிறுத்துவார்கள்,
முதலிலிருந்து போடுவார்கள், நிறுத்துவார்கள்.
நாற்பத்தாறு தடவை.
பேரேட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணியிருக்கிறாள்.
அந்தப் படம் வரவேயில்லை.
மெட்டுப் போட்டவர் யாரென்றும் தெரியாது.
"எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு" என்று
முனகிக் காட்டினாள்.
வார்த்தை வேண்டாம் என்றுவிட்டாள்.
இரண்டாவது வரி முடியும் இடத்தில்
ஒரு சின்ன ஏற்றம்,
இன்னொரு படி இருக்குமென்று கால் வைத்தால்
இல்லாமல் போகுமே, அது போல.

ஷட்டருக்கு அடியில் அடைக்கலத்தின் செருப்பு தெரிந்தது.
சரியாக அந்த இடத்தில்
வெளியிலிருந்து
டக்.

இடையிசையே இல்லாத பாட்டில்
சத்தம் போட்டது குற்றமா என்று பத்து நிமிஷம் பேசினோம்.
இந்தப் புதன் சீயம் அவன்தான்.
நெய்னா பட்டியலில் ஏற்றிக்கொண்டான்:
பாட்டு, பிலோமினா.
நீளம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டான்.

அவள் எண்ணியது நாற்பத்தாறு.
கடையில் பாடியது நாற்பத்தேழு.
இன்று காலை பஸ்ஸில், ஜன்னலோரம், எனக்குள்ளே,
நாற்பத்தெட்டு.
அந்த ஏற்றத்துக்கு வந்துகொண்டிருந்தபோது
பிரேக் போட்டார்கள்.

அமராவதிப்புதூர்.
நின்றது.